ஏரியில் நகர்ந்த சிவப்பு

போன வாரம் நம் பள்ளித் தோழர் குழுவில் ஒருவர் போட்ட படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம் ஏரியில் கால்வாய் வந்து சேருகிற மூலை. தண்ணீர் சிவந்து கிடக்கிறது. "இதைக் கேட்பார் யாருமில்லையா?" என்று அவர் கீழே எழுதியிருந்தார். கேட்க ஆள் வரவில்லை, சிரிக்க வந்தார்கள். "விரா குஞ்சுப்பா அது!" என்று ஒருவர் தொடங்கிவைக்க, ஆறேழு பேர் அதையே எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகளையும் வரிசையாக ஒட்டிவிட்டீர்கள். நானும் ஒரு பொம்மையை ஒட்டத்தான் போனேன். விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

ஆரணியில் வளர்ந்த நம் வயதுக்காரர்களுக்கு இந்தக் கேலி வாயில் ஊறியது. வெள்ளைச் சட்டையில் வெற்றிலை எச்சில் பட்டால் விரா குஞ்சு. கணக்குப் பரீட்சைத் தாளில் சிவப்பு மை அதிகமாக இருந்தால் விரா குஞ்சு. இது எங்கிருந்து வந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, மீதிப் பேர் மறந்திருப்பீர்கள். எங்கள் வீட்டிலிருந்து வந்தது. அதனால் நான் சொல்வதுதான் முறை. கொஞ்சம் நீளும். இரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

எங்கள் வீட்டை உங்களுக்குத் தெரியும். தெருவிலிருந்து பார்த்தால் வீடு, பின்பக்கம் போனால் சாயப்பட்டறை, அதற்கும் பின்னால் ஏரிக்குப் போகிற கால்வாய். விளையாட வந்தவர்கள் எல்லோரும் உள்ளங்கையில் ஏதாவது ஒரு நிறத்தோடு வீட்டுக்குப் போய் அடி வாங்கியிருக்கிறீர்கள். களம்பூர் மில்லிலிருந்து வரும் உமியை அடுப்பில் தள்ளித் தள்ளி அப்பா தொட்டியைக் கொதிக்க வைப்பார். பட்டு நூலை முதலில் சோப்பும் சோடாவும் போட்டு அவித்து அதன் பசையை எடுக்க வேண்டும். அந்த ஆவிக்கு ஒரு வாசனை உண்டு. ஈரத் தலைமுடியும் வெந்த அரிசியும் கலந்ததுபோல இருக்கும். பசை போன பிறகுதான் பட்டு வெளுத்து மினுங்கும். அப்புறம்தான் சாயத்தில் இறக்குவார். கழியில் கோத்த நூல் கட்டுகளை அவர் புரட்டப் புரட்டச் சாயம் நூலுக்குப் போய், தொட்டித் தண்ணீர் வெளிறிக்கொண்டே வரும். எனக்கு அது கடைசிவரை அலுக்காத வேடிக்கை.

அப்பாவுக்கு உலகத்தில் எல்லாமே நிறம்தான். மனிதர்களின் பெயர் மறந்துவிடும், கட்டியிருந்த துணியின் நிறம் மறக்காது. "உங்க டீச்சர் பொடவ வாடாமல்லின்னு சொல்றாங்க, அது வாடாமல்லியே இல்ல, ஒரு சொட்டு நீலம் கூட உழுந்திருக்குது" என்று சோறு தின்றுகொண்டே சொல்வார். எந்த நிறத்தையும் வீட்டுக்குள் வைத்துப் பார்க்க மாட்டார். ஓர் இழையை உருவி, இரண்டு விரலால் தேய்த்துக் காயவைத்து, காலை வெயிலில் தெருவுக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பார். பால்காரர் மணியடித்துக்கொண்டே அவரைச் சுற்றிக்கொண்டு போவார்.

நான் சொல்வது ஓர் ஐப்பசி மழைக்காலம். நாம் ஐந்தாம் வகுப்பு. தை மாதக் கல்யாணங்களுக்காகப் பட்டு முதலாளி ஒருவர் அப்பாவிடம் புதிதாக ஒரு சிவப்பைக் கேட்டிருந்தார். அரக்கும் கூடாது, குங்குமமும் கூடாது, பழுத்த மிளகாயின் சிவப்பு வேண்டும். நூல் தயாரானால் முள்ளிப்பட்டுத் தறிகளுக்குப் போகும். அப்பா அந்தச் சிவப்புக்காக வாரக்கணக்கில் மல்லுக்கட்டினார். சரிப்படாத சாயத்தை எல்லாம் கொல்லையிலிருந்த பெரிய மண் குழியில் ஊற்றினார். கழிவு அந்தக் குழியைத் தாண்டக் கூடாது என்பதில் அப்போது அவர் பிடிவாதமாக இருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் காலை தெருவிலிருந்து இழையோடு ஓடிவந்து, "வந்துட்சி, வந்துட்சி!" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். அம்மாவும் நானும் பார்த்தோம். உண்மையிலேயே மிளகாய்ப் பழம்தான். அம்மாவுக்குக்கூடச் சொல்ல ஒரு குறையும் கிடைக்கவில்லை.

அந்த வாரமே ஏரியில் சிவப்பு வந்தது.

நல்ல மழை. ஏரி நிரம்பி, கோரைப் புல்லெல்லாம் பாதி முழுகியிருந்தது. எங்கள் கால்வாய் போய்ச் சேருகிற மூலையில், கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு மாட்டு வண்டி அகலத்துக்குத் தண்ணீர் சிவந்து நின்றது. அதற்கு முந்தின நாள்தான் ஏரிக்கரைக் குடியிருப்பில் ஓர் எருமைக் கன்று செத்திருந்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட யாருக்கும் நேரமாகவில்லை. மாடுகளை ஏரிக்கு ஓட்டுவது நின்றது. பிள்ளைகள் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று வீட்டுக்கு வீடு உத்தரவு.

ஏரிப் பாசனக்காரர்களுக்கு ஒரு தலைவர் இருந்தார். அவர் அப்பாவை மதகடிக்கு வரச் சொன்னார். நானும் அப்பாவின் பின்னால் போனேன்.

"மாடு தண்ணி குடிக்கற ஏரிங்க இது. கன்னு பூட்சி. நாளிக்கு ஒரு புள்ளைக்கு ஆனா யாருங்க பதில் சொல்றது?" என்றார் தலைவர்.

அப்பா கரைமேல் நின்று, கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு அந்தச் சிவப்பையே பார்த்தார். இழையைப் பார்ப்பதுபோலவே தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"என் செவப்புதாங்க அது. மழைல குழி ரொம்பி எங்கியோ கசிஞ்சிருக்குது. மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. இன்னிக்கே அடுப்ப அணைச்சிடறேன்."

சண்டைக்குத் தயாராக வந்தவர்கள் ஆளுக்கொரு சமாதானம் சொன்னார்கள். தலைவர் அப்பாவின் தோளைத் தட்டினார். மதகுப் படியில் உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர்தான் ஏரி மீனைக் குத்தகை எடுத்தவர். நெடுநெடுவென்று உயரமானவர், வெயிலில்லாத நாளிலும் குடையோடு வருவார். எல்லோரும் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பீடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் குடி கெடுவதை அவர் ரசிக்கிறார் என்று நினைத்து, அன்று முழுக்க அவரை மனதுக்குள் திட்டினேன்.

வீட்டில் அம்மா பொரிந்து தள்ளினாள்.

"குழிய எறச்சி பாத்தீங்களா? கசிவு எங்கன்னு தேடினீங்களா? எதையும் பாக்காம ஒத்துக்கினு வந்து நிக்கறீங்களே!"

"நெறத்த பாத்தேன், போதாதா? இந்த ஊர்ல வேற எவன் பட்டறைல இருக்குது அந்தச் செவப்பு?"

இந்தப் பதிலை நான் பல வருடம் நேர்மை என்றே நினைத்திருந்தேன். நேர்மைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அப்பாவின் குரலை இப்போது நினைத்துப் பார்த்தால், அதில் ஒரு பெருமையும் இருந்தது. தன் சிவப்பு ஏரி அளவுக்குப் பெரிதாகிவிட்டதில் அந்த மனிதருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

சந்தோஷம் நிலைக்கவில்லை. அன்று மாலையே பட்டு முதலாளி வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"பட்டறைய மூடிட்டீங்களாமே. மூர்த்தம் எனக்காக நிக்குமாங்க? வெள்ளிக்கெழம ஆள அனுப்பறேன். நூல குடுத்துடுங்க. வேற எடம் பாக்கறேன்."

அந்த நூல் போனால் அந்த முதலாளி போவார். அவர் போனால் மற்றவர்களும் போவார்கள். இது பத்து வயது எனக்கே புரிந்தது. அப்பா தலையை மட்டும் ஆட்டினார். எங்கள் வீட்டில் அதுவரை நான் குளிர்ந்த அடுப்பைப் பார்த்ததில்லை. பூனை அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

வியாழக்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புறப்பட்டுக்கொண்டிருந்தாள். கையில் ஒரு பிடி வெள்ளைப் பட்டு. அவித்துப் பசை எடுத்த கழிவு நூல்.

"எங்கம்மா போற?"

"உங்கப்பா சாயத்த நான் பாத்துட்டு வரேன்."

பட்டுக்குச் சாயத்தின்மேல் அவ்வளவு ஆசை. தண்ணீரில் ஒரு துளி கலந்திருந்தாலும் விடாது, இழுத்துக்கொள்ளும். தொட்டியில் சாயம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க அப்பா தினமும் செய்கிற வேலைதான் அது. வெள்ளை நூலை முக்கி எடுப்பார். சாயக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்குத்தான் ஏரியையும் அப்படிச் சோதிக்கத் தோன்றும்.

நானும் பின்னாலேயே ஓடினேன். கரையில் குத்தகைக்காரரைத் தவிர யாருமில்லை. அம்மா அவரைச் சட்டை செய்யவில்லை. சந்தவாசல் பக்கம் கிணற்றில் குதித்து வளர்ந்தவள் அவள். விறுவிறுவென்று தண்ணீரில் இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு. சிவப்பின் ஓரத்துக்குப் போய் நூலை முக்கினாள். எடுத்தாள். வெள்ளை. இன்னும் ஓரடி போய் முக்கினாள். வெள்ளை. நடுவுக்குப் போகலாம் என்று காலெடுத்து வைத்தபோது சிவப்பு அவளைவிட்டு விலகிப் போயிற்று.

"இன்னாடி இது, நவுருது!"

காற்று எங்கள் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. சிவப்பு காற்றுக்கு எதிராகப் போனது. அது போன வழியெல்லாம் தண்ணீரின் மேல் பொடிப் பொடியாகக் குழி விழுந்தது. வானத்தைப் பார்த்தேன், தூறல் இல்லை. அம்மா எட்டி ஒரு வீச்சு வீசி நூலைச் சிவப்புக்குள் முக்கினாள். அடுத்த நொடி "யம்மா!" என்று துள்ளினாள். ஏதோ அவள் முழங்காலில் வந்து மோதியிருக்கிறது. மறுபடியும் மோதியது. கோரைப் பக்கத்தில் கருப்பாக ஒரு முதுகு புரண்டு மறைந்தது.

நூலைத் தூக்கிப் பார்த்தாள். தும்பைப்பூ வெள்ளை. அதில் சிக்கிக்கொண்டு கட்டெறும்பைவிடக் கொஞ்சம் நீளமாக, மிளகாய்ப் பழ நிறத்தில் மூன்று நான்கு உயிர்கள் துள்ளின.

விரால் குஞ்சை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு முறம் அகலத்துக்குச் சிவப்பாகத் திரண்டு, மூச்சு வாங்க மேலே வந்து வந்து போகும். அடியில் தாயும் தகப்பனும் காவல். அந்த வருடம் இரண்டு மூன்று ஜோடிகளின் குஞ்சுகள் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டனபோல. அத்தனை பெரிய திரளை யாரும் பார்த்ததில்லை. அதுவும் சாயக்காரரின் கால்வாய் வாயில். செத்த கன்று வேறு. கிட்டே போய்ப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"விரா! விரா குஞ்சுங்க!" என்று அம்மா கத்தினாள்.

குத்தகைக்காரர் குடையைப் போட்டுவிட்டுத் தண்ணீரோரம் ஓடிவந்தார். இரண்டு கையையும் ஆட்டினார். "கத்தாதீங்கம்மா, கொஞ்சம் மெதுவா... ஊரு கூடிடும்."

"உங்களுக்கு இது தெரியுமா?"

அவர் கோரைப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"தெரிஞ்சிகினே உக்காந்துகினு இருந்தீங்களா? எங்க வூட்ல அடுப்பு அணைஞ்சி கெடக்குது!"

"இன்னும் கொஞ்ச நாள்மா. அதுங்க செவப்பு மாறி பிரிஞ்சி பூடும். அடுப்ப நீங்க எப்ப வேணா பத்த வெச்சிக்கலாம். இதுங்க போனா போனதுதான்."

அம்மா அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். நூலில் துள்ளிய குஞ்சுகளையும் பார்த்தாள், ஒவ்வொன்றாகப் பிரித்துத் தண்ணீரில் விட்டாள். பிறகு கரைப் பக்கம் திரும்பி, முன்னைவிடப் பலமாகக் கத்தினாள். "எல்லாரும் ஓடியாங்க! விரா குஞ்சு! சாயம் இல்ல, விரா குஞ்சு!"

அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் கத்தியிருப்பேன். மறுநாள் வெள்ளிக்கிழமை.

ஊர் கூடியது. முதலில் சிரிப்பு. தன் சிவப்பை ஏரியில் பார்த்த சாயக்காரர் கதை அன்று இரவுக்குள் பேருந்து நிலையம்வரை போய்விட்டது. சிரித்து முடித்ததும் எல்லோருக்கும் அடியிலிருக்கும் விராலின் ஞாபகம் வந்தது. ஏரி விரால் என்றால் சும்மாவா? பிள்ளை பெற்றவளுக்கு, அறுவை சிகிச்சை ஆனவருக்கு, காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு என்று தேடி அலைகிற மீன். குஞ்சுக்குக் காவலிருக்கும் விராலைப் பிடிப்பது சுலபம். தவளையைத் தூண்டிலில் கோத்துக் குஞ்சுக் கூட்டத்தின் நடுவே போட்டால் போதும். பசியில் கடிக்காது, ஆத்திரத்தில் கடிக்கும். குத்தகைக்காரர் கரையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினார், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொழுது சாய்வதற்குள் நான்கைந்து பெரிய விரால்கள் கரையேறின.

அடுப்பு மறுபடியும் எரிந்தது. வெள்ளிக்கிழமை ஆள் வரவில்லை, முதலாளியே இனிப்போடு வந்தார். தலைவர் வந்தார். ஓலை நாரில் கோத்த ஒரு விராலைத் தூக்கிக்கொண்டு, "ஒங்கள பேஜார் பண்ணிட்டோம், மனசுல வெச்சிக்காதீங்க" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். என் முழங்கை நீளத்துக்குமேல் இருந்தது மீன். உயிர் இருந்தது. அம்மா அதை அண்டாத் தண்ணீரில் விட்டாள். அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்து ஒரு மிடறு காற்றைக் குடித்துவிட்டுப் போகும். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்து, செதிலெடுத்து, புளியும் சின்ன வெங்காயமும் மிளகாயும் போட்டுக் குழம்பு வைத்தாள். அதையும் ஓர் இரவு சட்டியிலேயே ஊறவிட்டுத்தான் போட்டாள். நான் பொய் சொல்லப் போவதில்லை. அதைப்போல ஒன்றை நான் அதற்குப் பிறகு தின்றதில்லை. சதை வெள்ளை வெளேரென்று, முள்ளைவிட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. ஏரி மண்ணின் வாசனை லேசாக, அடிநாக்கில். அப்பா இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டார்.

அடுத்த சில நாள் பள்ளி விட்டதும் ஏரிக்குத்தான் போனோம். உங்களில் சிலர் என்னோடு வந்தீர்கள். காவல் இல்லாத சிவப்பு முதலில் இளகியது. பிறகு கீற்றுக் கீற்றாகப் பிரிந்தது. மீன்கொத்தி கோரையில் உட்கார்ந்து உட்கார்ந்து எடுத்தது. கொக்குகள் தண்ணீரோரம் வரிசையாக நின்றன. ஒரு நாள் போனபோது ஒன்றுமில்லை. குத்தகைக்காரர் மதகுப் படியில் இருந்தார். நான் ரசனை என்று நினைத்த அந்த மௌனம், தன் குஞ்சுகளைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழி. அதற்காக என் அப்பாவைப் பலி கொடுத்தார் என்பதும் உண்மைதான். இன்றுவரை அவரை முழுதாகத் திட்டவும் முடியவில்லை, முழுதாக மன்னிக்கவும் முடியவில்லை. கோடையில் ஏரி வற்றியபோது வலையில் கெண்டையும் கெளுத்தியும் ஏறின, விரால் பெயருக்குத்தான் இருந்தது. மறு வருடம் அவர் குத்தகை எடுக்கவில்லை.

இனி சொல்வதுதான் உங்களுக்குத் தெரியாதது.

அப்பாவின் மிளகாய்ப் பழச் சிவப்பு பெயர் வாங்கியது. அந்தக் கதையே விளம்பரமாயிற்று, "ஏரியே ஏமாந்த செவப்பு" என்று முதலாளிகள் வாடிக்கையாளரிடம் சொன்னார்கள். தொட்டிகள் பெருகின. மண் குழி போதவில்லை. ஒரு மழைக்காலத்தில் குழியிலிருந்து கால்வாய்க்கு ஒரு வாய்க்கால் வெட்டினார். அப்புறம் குழியே எதற்கு என்று குழாய் போட்டார். கால்வாய் வாயில் தண்ணீர் சிவந்தது. பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யாராவது புதிதாக வந்து கேட்டால், அப்பாவே சிரித்துக்கொண்டு சொல்வார்: "விரா குஞ்சுங்க." கேட்டவரும் சிரிப்பார். ஒருமுறை பட்ட வெட்கத்தால் ஊர் மறுபடி வாயைத் திறக்கவே இல்லை. அந்தக் குழாய்தான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது. நகையும் போட்டது.

நான்கு வருடத்துக்கு முன்பு அப்பாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை ஆயிற்று. அம்மா அப்போது இல்லை. விரால் குழம்பு கொடுத்தால் புண் சீக்கிரம் ஆறும் என்று எல்லோரும் சொன்னார்கள். நம் ஏரியில் இப்போது இருப்பது ஜிலேபி மீனும் யாரோ கொண்டுவந்து விட்ட பெரிய கெளுத்தியும்தான். கடையில் சிமெண்டுத் தொட்டியில் வளர்த்த விரால் கிடைத்தது. அம்மா வைத்தபடியே வைத்து, ஓர் இரவு ஊறவைத்துக் கொடுத்தேன். அப்பா ஒரு கவளம் வாயில் வைத்தார். மென்றார். தட்டை மெல்ல நகர்த்தினார்.

"உப்பு கம்மியாப்பா?"

"நல்லாதான் பண்ணிகிற." விரல்களைத் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு தேய்த்தாலும் போகாத சிவப்பு அந்த நகக்கண்ணில் அப்போதும் இருந்தது. "தப்பு பண்ணாதப்ப நானா போயி ஒத்துக்கினேன். பண்ணப்ப ஒருத்தரும் என்ன கேக்கலியே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்மா."

சொல்லியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருப்பார் என்று நம்பத்தான் ஆசை. அந்த வருடமே போய்விட்டார். பட்டறையைக் கைமாற்றியாயிற்று, வாங்கியவருக்கே குழாயும் சேர்ந்து போயிற்று.

குழுவில் அந்தப் படத்தைப் பார்த்த மறுநாள் காலை நான் ஏரிக்குப் போனேன். முட்டி வலி, ஆட்டோவில்தான் போனேன். அதே மூலை. போகும்போதே எனக்குள் ஒரு பைத்தியக்கார ஆசை. ஒருவேளை, ஒருவேளை, நீங்கள் எழுதியது கேலியாக இல்லாமல் உண்மையாகவே இருந்தால்? எங்கோ கோரையில் ஒரு ஜோடி தப்பித்திருக்கக் கூடாதா? கைப்பையில் பழைய வெள்ளைப் பட்டு நூல் கொஞ்சம் வைத்திருந்தேன். கரையில் நின்று முதலில் சிவப்பைப் பார்த்தேன். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தேன். தண்ணீர் மேல் பொடிக் குழிகள் விழுகின்றனவா என்று, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். வெயில் ஏறிவிட்டது. நூலை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை. சிவப்பு நகரவில்லை.